விற்ற பிறகும் பூட்டுப் போடலாமா?

கேள்வி: நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரிண்டர் வாங்கினேன். அன்று முதல் வேறொரு நிறுவனம் தயாரிக்கும் விலை குறைந்த கார்ட்ரிட்ஜைத்தான் அதில் போட்டு வருகிறேன். ஒரு குறையும் இருந்ததில்லை. சென்ற மாதம் ஓரிரவில் அது தானாகவே அப்டேட் ஆகி, மறுநாள் காலையில் ‘இந்தக் கார்ட்ரிட்ஜ் ஏற்கப்படவில்லை’ என்று திரையில் காட்டி நின்றுவிட்டது. உள்ளே மை பாதிக்கு மேல் இருக்கிறது. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், ‘நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டுதானே பயன்படுத்துகிறீர்கள்’ என்கிறார்கள். எந்த நிபந்தனையை, எப்போது ஏற்றேன் என்று எனக்கே நினைவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் என்னுடையதா, இன்னும் அவர்களுடையதா? சட்டத்தில் இதற்கு இடம் உண்டா? என் மகனோ, ‘தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்’ என்கிறான்.
— ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்

மதிப்பிற்குரிய அம்மா,

‘என்னுடையதா, அவர்களுடையதா’ என்று நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டுவிட்டீர்கள். சட்டமோ அந்த ஒரே பொருளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது. மேசைமேல் இருக்கும் இயந்திரமும், அதன் உருளைகளும், நீங்கள் வாங்கிப் போட்ட கார்ட்ரிட்ஜும் சந்தேகமில்லாமல் உங்களுடையவை. உள்ளிருந்து அதை இயக்கும் மென்பொருள் உங்களுக்கு விற்கப்படவில்லை. அதைப் பயன்படுத்திக்கொள்ள ஓர் உரிமம் மட்டுமே தரப்பட்டிருக்கிறது. ஆகவே, உங்கள் உடைமையை நாங்கள் தொடவே இல்லை, எங்கள் மென்பொருளைத்தான் மாற்றினோம் என்று நிறுவனம் வாதாடும். மென்பொருள் மறுத்துவிட்டால் அந்த இயந்திரம் வெறும் பிளாஸ்டிக் பெட்டி என்பது அவர்களுக்கும் தெரியாததல்ல.

விற்ற பொருளின்மேல் விற்றவரின் பிடி எதுவரை செல்லும் என்ற வழக்கு பிரிண்டரோடு பிறந்ததன்று. 1873ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அது வந்தது. அதுவும் சவப்பெட்டி மூடியின் வடிவத்தில் வந்தது. காப்புரிமை பெற்ற ஒருவகை மூடியைப் பாஸ்டன் நகரைச் சுற்றிப் பத்து மைல் எல்லைக்குள் செய்து விற்கும் உரிமை ஒரு நிறுவனத்திடம் இருந்தது. அவர்களிடம் முறைப்படி வாங்கிய மூடியை, இறுதிச் சடங்குகளை நடத்தித் தரும் தொழில் செய்த ஒருவர், 17 மைல் தொலைவிலிருந்த ஊரில் பயன்படுத்திவிட்டார். எல்லைக்கு வெளியே உரிமை வைத்திருந்தவர் வழக்குத் தொடுத்தார். சட்டப்படி விற்கப்பட்ட பொருளை வாங்கியவர் எங்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று நீதிமன்றம் முடித்துவைத்தது. மண்ணுக்குள் போன பிறகும் ஒரு பொருளின்மேல் காப்புரிமை தொடர்கிறது என்று வாதாட ஆள் இருந்ததை நினைத்தால், உங்கள் பிரிண்டருக்கு நேர்ந்தது அவ்வளவு விந்தையாகத் தோன்றாது.

அந்தப் பழைய கொள்கைதான் 2017 மே 30 அன்று நேரடியாகக் கார்ட்ரிட்ஜுக்கே வந்து சேர்ந்தது. பிரிண்டர் தயாரிக்கும் லெக்ஸ்மார்க் நிறுவனம், ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தன்னிடமே திருப்பித் தரவேண்டும், வேறு எவருக்கும் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையின்பேரில் சில டோனர் (தூள் மை) கார்ட்ரிட்ஜ்களைக் குறைந்த விலைக்கு விற்று, அவற்றில் அதற்கென்று ஒரு சிப்பையும் பொருத்தியிருந்தது. காலியானவற்றை வாங்கி மறுபடி நிரப்பி விற்ற சிறு நிறுவனங்கள் அந்தச் சிப்பைத் தாண்டிச் செல்ல வழி கண்டதும், காப்புரிமை மீறல் என்று வழக்குத் தொடுத்தது. ஒரு பொருளை விற்ற கணத்திலேயே அதன்மேலுள்ள காப்புரிமை தீர்ந்துபோகிறது, என்ன நிபந்தனை எழுதி வைத்திருந்தாலும் அதைக் காப்புரிமைச் சட்டத்தைக் கொண்டு அமல்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய கார்களைச் சீர்செய்து விற்கும் கடையைத் தலைமை நீதிபதி அதற்கு உவமை காட்டினார்: காரின் ஒவ்வொரு உறுப்பைச் செய்தவரும் பின்னாலேயே வந்து உரிமை கேட்டால் அந்தக் கடையை யாரால் நடத்த முடியும்?

இவ்வளவு தெளிவாகத் தீர்ப்பு வந்த பிறகும் உங்கள் பிரிண்டர் நின்றதே, அது எப்படி என்று கேட்பீர்கள். இந்த விவகாரத்தின் முடிச்சே இங்குதான் இருக்கிறது. ஒருமுறை விற்ற கார்ட்ரிட்ஜை மறுபடி நிரப்பி விற்றதற்காகவோ பயன்படுத்தியதற்காகவோ காப்புரிமை வழக்குப் போட முடியாது என்றுதான் அந்தத் தீர்ப்பு சொல்கிறதே தவிர, அந்தக் கார்ட்ரிட்ஜை உங்கள் பிரிண்டர் ஏற்றே ஆகவேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. ‘செய்யலாம்’ என்று சட்டம் அனுமதிப்பது வேறு, செய்ய முடிகிற நிலையில் இயந்திரம் இருப்பது வேறு. முன்பு தயாரிப்பாளர் ஒரு கட்டுப்பாட்டை விதிக்க விரும்பினால் நீதிமன்றத்தின் உதவியை நாடவேண்டியிருந்தது. அங்கே நீங்களும் நின்று உங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பிருந்தது. இன்று அவர்கள் நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய தேவையே இல்லை. இரவில் ஓர் அப்டேட் அனுப்பினால் போதும்; நியாயம் கேட்டு அலையவேண்டிய சுமை காலையில் உங்கள் தலையில் இருக்கும்.

நீதிமன்றத்தில் போய்ப் பார்த்தும் தோற்றிருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். டிஜிட்டல் பூட்டுகளை உடைப்பதைக் குற்றமாக்கும் பதிப்புரிமைச் சட்டம் ஒன்றை அமெரிக்கா 1998இல் இயற்றியது. திரைப்படங்களும் பாடல்களும் களவு போகாமல் காப்பது அதன் முதன்மை நோக்கம். அதே சட்டத்தைக் கொண்டு, கார்ட்ரிட்ஜ் சிப்பைப் போலச் செய்வதைத் தடுக்க லெக்ஸ்மார்க் முயன்றது. சிப்பில் இருந்த அந்த நிரல் ஒரு மாதிரியில் 37 பைட், மற்றொன்றில் 55 பைட். அந்த வழக்கின் தலைப்பைக் கணினியில் தட்டச்சு செய்தால் அதுவே இதைவிட அதிக இடம் பிடிக்கும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் குறிப்பிட்டு, 2004இல் நிறுவனத்துக்குச் சாதகமாக இருந்த தடையுத்தரவை நீக்கியது. ஆக, சிப்பைப் பதிப்புரிமையால் காக்கும் வழி சரிவரவில்லை. காப்புரிமையால் காக்கும் வழியும் பின்னர் அடைபட்டது. மிஞ்சியது அப்டேட். அது அந்த 2017 தீர்ப்புக்கு முன்பே கையாளப்பட்டுவிட்டது. 2016 செப்டம்பர் 13 அன்று எச்பி நிறுவனத்தின் பல வகைப் பிரிண்டர்கள் ஒரே நாளில் பிற நிறுவனக் கார்ட்ரிட்ஜ்களை மறுத்து நின்றன. அதற்கான மென்பொருள் முன்னதாகவே உள்ளே போய்ச் சேர்ந்து, குறித்த தேதிக்காகக் காத்திருந்தது. எதிர்ப்பு வலுத்தபின் அந்தத் தடையை நீக்கும் மென்பொருளை நிறுவனம் வெளியிட்டது. அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் சேர்ந்து தொடுத்த வழக்கு 15 லட்சம் டாலருக்குச் சமரசமானது. உங்களுக்கு நேர்ந்தது எந்த நிறுவனத்தின் பிரிண்டரில் என்பது எனக்கு முக்கியமில்லை, முறை ஒன்றுதான்.

இனி, அந்தச் சேவை மையத்தார் சொன்ன ‘ஏற்றுக்கொண்டீர்களே’ என்ற சொல்லுக்கு வருவோம். அதைக் கேட்டதும் நீங்கள் வாயடைத்துப் போனதாகக் கடிதத்தின் தொனியிலிருந்து தெரிகிறது. வாயடைக்கத் தேவையில்லை. ஒப்பந்தச் சட்டத்தையே பிழைப்பாகக் கொண்டிருக்கும் நானும் ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானைப் படிக்காமல்தான் அழுத்துகிறேன். நீதிபதிகளுக்கும் இந்த நடைமுறை தெரியாததல்ல. அவர்கள் பார்ப்பது, நீங்கள் முழுவதையும் படித்தீர்களா என்பதை அல்ல. பணம் கொடுப்பதற்கு முன் அந்த நிபந்தனை உங்கள் கண்ணில் படும்படி வைக்கப்பட்டிருந்ததா என்பதைத்தான்.

இங்கிலாந்தில் 1970இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதற்கு இன்றும் பயன்படுகிறது. தானியங்கி வாகன நிறுத்தம் ஒன்றில் காரை நிறுத்திய இசைக்கலைஞர் ஒருவர், திரும்பி எடுக்க வந்தபோது விபத்தில் காயமடைந்தார். உள்ளே ஒட்டப்பட்டிருக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டே இந்தச் சீட்டு வழங்கப்படுகிறது என்று சீட்டில் அச்சிட்டிருந்தது. காயம் ஏற்பட்டாலும் நாங்கள் பொறுப்பில்லை என்று உள்ளே ஒட்டியிருந்தது. வாகனம் இயந்திரத்தின்முன் வந்து நின்றபோதே ஒப்பந்தம் உருவாகிவிட்டது, அதற்குப் பின்னால் வெளிவரும் சீட்டில் என்ன அச்சிட்டிருந்தாலும் அது காலம் கடந்தது என்றார் நீதிபதி டென்னிங். அந்த வாடிக்கையாளர் இயந்திரத்திடம் முறையிடலாம், ஏசவும் செய்யலாம், ஆனால் அது அசையாது என்று அவர் எழுதியது, நீங்கள் அன்று காலை பிரிண்டர்முன் நின்ற நிலைக்கு அப்படியே பொருந்துகிறது. அமெரிக்காவில் 2002இல் நெட்ஸ்கேப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் வழக்கிலும் ஏறக்குறைய இதே பார்வைதான்: தரவிறக்கும் பொத்தான் கண்ணெதிரே இருக்க, நிபந்தனைக்கான இணைப்பு பக்கத்தை இன்னும் கீழே இழுத்தால்தான் தெரியும்படி இருந்ததால், பயனர்களை அது கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பானது.

எதிர்த்திசையிலும் தீர்ப்புகள் இருப்பதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட நான் விரும்பவில்லை. 1996இல் இன்னொரு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், உள்ளே நிபந்தனை உண்டு என்று பெட்டிமேல் குறிப்பிட்டிருந்து, அதைப் பார்த்தபின் பிடிக்காவிட்டால் பொருளைத் திருப்பித் தரவும் வாய்ப்பிருந்தால், பெட்டிக்குள் இருக்கும் நிபந்தனையும் கட்டுப்படுத்தும் என்று சொன்னது. ஆகவே உங்கள் வழக்கின் பலம், நீங்கள் நினைப்பதைவிட மிகச் சாதாரணமான ஒன்றில் தங்கியிருக்கிறது: பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டி. ‘எங்கள் சிப் பொருத்திய கார்ட்ரிட்ஜ்களுக்கு மட்டுமே, மற்றவை அப்டேட்டுக்குப் பின் இயங்காமல் போகலாம்’ என்ற பொருள்பட ஒரு வரி அதன் பக்கவாட்டில் சிற்றெழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது பல நிறுவனங்கள் அப்படி அச்சிடுகின்றன. இருந்தால் உங்கள் புகார் வெகுவாகத் தளர்ந்துவிடும். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய பெட்டியில் அது இல்லையென்றால், நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள்.

ஏனென்றால் அப்போது கேள்வி மாறிவிடுகிறது. வாங்கும்போது இல்லாத, அல்லது இருந்தும் சொல்லப்படாத ஒரு கட்டுப்பாட்டை, நான்கு ஆண்டுகள் கழித்து ஒருதலைப்பட்சமாகப் புகுத்தியிருக்கிறார்கள். ‘மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு’ என்று நிபந்தனையில் ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த வரி எழுதப்பட்டிருப்பதாலேயே செல்லுபடியாகிவிடாது. ஐரோப்பிய ஒன்றியம் 1993இல் பிறப்பித்த நியாயமற்ற ஒப்பந்த விதிகள் குறித்த உத்தரவு, தகுந்த காரணமின்றிப் பொருளின் தன்மையை ஒருதலைப்பட்சமாக மாற்ற விற்பனையாளருக்கு இடம் தரும் விதியை, நியாயமற்றதாகக் கருதத்தக்கவற்றின் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்பதைத் தனியே வரையறுத்து, அத்தகைய விதிகளைச் செல்லாதவை என அறிவிக்கும் அதிகாரத்தை மாநில, தேசிய ஆணையங்களுக்குத் தந்திருக்கிறது. இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 டிசம்பரில் எச்பிக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தபோதும், பிற கார்ட்ரிட்ஜ்களுக்கு இப்படியொரு வரம்பு உண்டு என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதே குற்றச்சாட்டின் மையமாக இருந்தது. பூட்டை வைத்ததைவிட, மறைத்து வைத்ததைத்தான் சட்டம் எளிதில் பிடிக்கிறது. உங்கள் புகாரையும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு வாதம் உண்டு. அதைக் கேட்காமல் கடிதம் எழுதினால் பதிலில் திணறுவீர்கள். பிரிண்டரை மலிவாக விற்று மையில் ஈட்டுவது அவர்கள் வியாபாரம். மையை வேறெங்கோ வாங்கினால் அந்தக் கணக்கு தவறிவிடுகிறது. தரமற்ற மை இயந்திரத்தைக் கெடுக்கும், அறியாத சிப் வழியாகத் தீங்கு நுழையலாம் என்றும் சொல்வார்கள். மலிவாகத் தருகிறோம், பதிலுக்கு எங்கள் மையையே வாங்குங்கள் என்று முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், அதை நான் நியாயமான பேரமென்றே ஏற்பேன். வேண்டாதவர் விலகிப் போயிருப்பார். பாதுகாப்பு வாதத்தைத்தான் என்னால் முழுமையாக விழுங்க முடியவில்லை. நான்கு ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய கார்ட்ரிட்ஜ் ஓரிரவில் எப்படி ஆபத்தானது என்று எழுத்தில் கேளுங்கள். அதே சமயம், கோபத்தில் எல்லா அப்டேட்டையும் நிரந்தரமாக அணைத்துவிடாதீர்கள். வலையமைப்பில் இணைந்திருக்கும் பிரிண்டரில் உண்மையான பாதுகாப்பு ஓட்டைகளும் ஏற்படுவதுண்டு. அவற்றை அடைக்கும் திருத்தமும் மைக்கான பூட்டும் ஒரே அப்டேட்டில் கட்டி அனுப்பப்படுவதுதான் இதில் எனக்கு மிகவும் நெறியற்றதாகப் படுகிறது. தானியங்கி அப்டேட்டை நிறுத்துவதானால், பிரிண்டரை இணையத்திலிருந்து துண்டித்து, கணினியோடு கேபிளில் இணைத்துப் பயன்படுத்துவது நல்லது.

இனிச் செய்யவேண்டியது. தொலைபேசியில் இனிப் பேசவேண்டாம். மறுமுனையில் இருப்பவருக்கு எதையும் மாற்றும் அதிகாரம் கிடையாது, பேச்சுக்குத் தடயமும் இருக்காது. திரையில் தெரியும் அறிவிப்பைத் தேதியோடு படம் பிடியுங்கள். அமைப்புகள் பகுதியில் மென்பொருளின் பதிப்பு எண் இருக்கும், அதையும் எடுத்து வையுங்கள். பில், அட்டைப்பெட்டி, கையேடு ஆகியவற்றோடு இவற்றையும் சேர்த்துக்கொண்டு, தயாரிப்பாளருக்கும் உங்களுக்கு விற்றவருக்கும் ஒரே கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். பல நாடுகளின் சட்டத்தில் வாங்கியவருக்கு முதலில் பதில் சொல்லவேண்டியவர் விற்றவர்தான் என்பதால் அவரை விட்டுவிடக் கூடாது.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவேண்டாம்; ‘அநியாயம்’, ‘மோசடி’ போன்ற சொற்களும் வேண்டாம். குறிப்பிட்ட தேதியில் வந்த அப்டேட் கார்ட்ரிட்ஜ் தொடர்பாக எதை மாற்றியது, இந்தக் கட்டுப்பாடு விற்பனையின்போது இருந்ததா, இருந்திருந்தால் பணம் செலுத்துவதற்கு முன் அது எந்த இடத்தில் எனக்குத் தெரிவிக்கப்பட்டது, முந்தைய பதிப்புக்குத் திரும்ப வழி உண்டா என்று மட்டும் கேளுங்கள். பயன்படுத்த முடியாமல் போன கார்ட்ரிட்ஜுக்கு ஈடும், பழைய நிலைக்குத் திருப்புவதும் உங்கள் கோரிக்கை. பதிலுக்கு 15 நாள் அவகாசம் கொடுங்கள். மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் வருவது அரிது. வராததும் உங்களுக்குப் பயன்படும்.

இடையில் அவர்களது தளத்திலுள்ள உரையாடல் செயலி ஏதேனும் உறுதி சொன்னால் அதையும் சேமியுங்கள். 2024 பிப்ரவரியில் கனடாவின் தீர்ப்பாயம் ஒன்றில் ஏர் கனடா, தன் தளத்தின் சாட்பாட் தந்த தவறான தகவலுக்குத் தான் பொறுப்பல்ல என்று வாதிட்டுப் பார்த்தது. தளத்தில் இருப்பது எதுவானாலும் நிறுவனத்தின் பேச்சுதான் என்று சொல்லித் தீர்ப்பாயம் பயணிக்கு இழப்பீடு வழங்கச் செய்தது.

பதில் வராவிட்டால், அல்லது ‘ஏற்றுக்கொண்டீர்களே’ என்ற அதே வரி வந்தால், வழக்குத் தொடுப்பதா என்று யோசிப்பீர்கள். தனியாளாக வழக்குத் தொடுக்கவேண்டாம் என்பதே என் அறிவுரை. பாதி மையுள்ள ஒரு கார்ட்ரிட்ஜின் மதிப்புக்கு வழக்கறிஞர் கட்டணம் எந்தக் கணக்கிலும் பொருந்தாது. இந்தக் கணக்கைத் தெரிந்துதான் நிறுவனங்கள் துணிகின்றன. வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுப்பதைத் தடுக்கும் விதியையும் நிபந்தனைக்குள் வைக்கிறார்கள். சுமார் 30 டாலர் வரி வசூலைப் பற்றிய ஒரு தொலைபேசி வழக்கில், 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அத்தகைய விதி செல்லும் என்றது. முப்பது டாலருக்காக யார் தனியாகப் போராடுவார்கள் என்று மாறுபட்ட நீதிபதிகள் கேட்டதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. ஆகவே உங்கள் நாட்டின் நுகர்வோர் ஆணையத்துக்கோ போட்டி ஆணையத்துக்கோ, கட்டணமில்லாத புகார் வழி இருந்தால் அதன் மூலம், மேலே சொன்ன கடிதத்தையும் படங்களையும் இணைத்து அனுப்புங்கள். ஒரே தேதியில், ஒரே அறிவிப்போடு பலரது புகார்கள் வந்து சேரும்போதுதான் அவர்கள் விசாரணையைத் தொடங்குவார்கள். உங்கள் படத்தில் இருக்கும் தேதிக்கு அங்கே மதிப்பு உண்டு.

உங்கள் மகன் சொல்வதிலும் பாதி சரி. புகார் முடியும்வரை எழுத்து வேலை நிற்கக் கூடாதென்றால் வேறு பிரிண்டர் வாங்குவதில் தவறில்லை. புட்டியிலிருந்து மையை நேரடியாகத் தொட்டியில் ஊற்றும் வகையைப் பாருங்கள். வாங்கும் விலை கூடுதலாக இருந்தாலும் லாபத்தை மையிலிருந்து எடுக்கும் அவசரம் அதில் குறைவு. எதை வாங்கினாலும் பெட்டியின் பக்கவாட்டைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். ‘தூக்கிப் போடுங்கள்’ என்பதில்தான் அவரோடு நான் மாறுபடுகிறேன். பழைய பிரிண்டரையும் மை பாதி இருக்கும் அந்தக் கார்ட்ரிட்ஜையும் கழற்றாமல் அப்படியே வைத்திருங்கள். ஆணையத்திலிருந்து யாராவது கேட்டால் திரையை ஒளிரச்செய்து காட்ட அதுவே வேண்டும்.